அன்னபேதியும் வெங்காரமும்

ஆம்பூர்
12-9-1982

சம்பந்தியம்மா பூவம்மாள் அவர்களுக்கு கங்கம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மகளும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா என்று தினமும் என்னைத்தான் கேட்கிறாள். எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? நீங்களே எழுதிவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் விதைத்த மல்லாட்டை இந்த வருஷம் என்னைப் பயமுறுத்திவிட்டது. முதலில் இலை மஞ்சளாயிற்று, அப்புறம் மஞ்சளும் போய் வெளுத்தது. நரம்பு மட்டும்தான் பச்சை. தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகிற பொம்பளைகள் வரப்பில் நின்று, "இன்னா கங்கம்மா, கொல்லையில வேட்டி காயப்போட்டிருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி சாவித்திரி வேலூரிலிருந்து வந்தாள். வந்தவள் காப்பிகூடக் குடிக்கவில்லை. கொல்லையில் இறங்கி ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"ஆயா, செடிக்கு இரும்பு கிடைக்கல. அன்னபேதி வாங்கிக் கரைச்சு அடி."

"தோலுக்குக் கறுப்பு ஏத்துவாங்களே, அந்த அன்னபேதியாடி?"

"அதே உப்புதான். செருப்புக்குப் போடறத செடிக்கும் போடலாம்."

அடித்தேன். ஒரு வாரத்தில் புதுக் கொழுந்து கிளிப்பச்சையில் வந்தது. வேட்டி என்று சிரித்த பொம்பளைகளே வந்து, யார் சொன்ன வைத்தியம் என்று கேட்டார்கள். கிணற்றுமேட்டில் ஏறி நின்றுதான் பதில் சொன்னேன், ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று. என் பேத்தி. கோயமுத்தூர் விவசாயக் காலேஜில் படித்தவள். வேலூரில் மண் பரிசோதனை ஆபீசில் உத்தியோகம். நான் அஞ்சாங்கிளாஸ், என் மகன் கன்னியப்பன் பத்து, அவள் காலேஜ். எங்கள் வீட்டில் படிப்பு ஏணி மாதிரி ஏறுகிறது.

உங்கள் கொல்லையிலும் போன வருஷம் மல்லாட்டை சரியில்லை என்றீர்களே. அதனால் அளவு எழுதுகிறேன். மருந்தடிக்கிற டேங்க் பத்து லிட்டர் என்றால் அன்னபேதி நூறு கிராம், ஓர் எலுமிச்சம்பழச் சாறு. வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். உப்பு பச்சையாக இருக்க வேண்டும், துருப்பிடித்த நிறம் என்றால் வாங்காதீர்கள். அவளைக் கேட்டு எழுத வேண்டியதில்லை. ஆபீசில் அவளுக்கு வேலை ஜாஸ்தி.

கங்கம்மாள்


குடியாத்தம்
25-9-1982

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி அப்படியே இருக்கிறது என்று என் மகளிடம் சொல்லவும்.

நீங்கள் மல்லாட்டை என்று எழுதுகிறீர்கள். பத்திரிகையில் வேர்க்கடலை என்று போடுகிறார்கள். எட்டாவது வரை படித்த பழக்கம், கண்ணில் படுகிறது. போகட்டும், இரண்டும் ஒன்றுதான்.

கடிதம் முழுக்க "என் பேத்தி, என் பேத்தி" என்று எழுதியிருந்தீர்கள். படித்துச் சந்தோஷப்பட்டேன். அவளைச் சுமந்து பெற்றவள் என் வயிற்றில் பிறந்தவள் என்பது உங்களுக்கு மறந்திருக்காது என்று நினைக்கிறேன்.

என் நிலத்தின் கோளாறு வேறு மாதிரி. இலை நன்றாகத்தான் இருக்கிறது, பச்சைக்குக் குறைவில்லை. காயும் பிடிக்கிறது. உடைத்துப் பருப்பைப் பிளந்தால்தான் வயிறு எரிகிறது. நடுவில் குழி விழுந்து, குழிக்குள் பழுப்பேறிக் கிடக்கிறது. போன வருஷம் மண்டிக்காரன் ஒரு பிடியைப் பிளந்து பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, பருப்புக்குள்ள எவனோ கிணறு தோண்டியிருக்கான்" என்றான். மூட்டைகளைத் திருப்பி வண்டியில் ஏற்றச் சொன்னான். நாலு பேர் பார்க்க ஏற்றிக்கொண்டு வந்தேன்.

என் மகன் தணிகைவேல் லுங்கி நெய்கிற பவர்லூம்களை வாடகைக் கொட்டகையில் ஓட்டுகிறான். இந்த நிலத்தில் சொந்தமாக ஷெட் கட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "இந்தப் பட்டம் பார்ப்போம்மா. இதுவும் இப்படியே போச்சுன்னா நீ குறுக்கே நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு ஏக்கர் என் மாமனார் கொடுத்ததில்லை, என் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போனதும் இல்லை. ராட்டையில் நூல் சுற்றி நான் வாங்கியது. பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. என் பெயரில் இந்த உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

இலை பச்சையாக இருக்கும்போது அதே உப்பு கேட்குமா என்று சந்தேகமாக இருக்கிறது. சாவித்திரி ஒரு நடை வந்து பார்த்தால் தேவலை.

இப்படிக்கு
பூவம்மாள்


ஆம்பூர்
2-10-1982

சம்பந்தியம்மா,

எட்டாவது படித்தவர்கள் இவ்வளவு சந்தேகப்பட்டால் அஞ்சாவது படித்த நான் இன்னா பண்ணுவது?

உங்களுடையதும் மல்லாட்டை, என்னுடையதும் மல்லாட்டை. விதை ஒரே கடையில் வாங்கியது. உங்கள் கொல்லையும் செம்மண், என்னுடையதும் ஆதியில் செம்மண்தான். என் செடிக்கு இலையில் சீக்கு காட்டியது, உங்கள் செடிக்குப் பருப்பில் காட்டுகிறது. ஒருத்திக்கு ஜுரம் வந்தால் தலை வலிக்கிறது, இன்னொருத்திக்குக் கால் வலிக்கிறது. மாத்திரை ஒன்றுதானே?

இதற்குப் போய் அவளை லீவு போட்டு வரச் சொல்ல வேண்டாம். மாவட்டம் முழுக்க மண் மூட்டை மூட்டையாக அவள் மேஜைக்கு வருகிறதாம், கன்னியப்பன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். சாயக்கடையில் நல்ல பச்சை அன்னபேதியாகப் பார்த்து வாங்கி அவனிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். பயப்படாமல் அடியுங்கள். கை ராசிக்கு நான் பொறுப்பு.

கங்கம்மாள்


குடியாத்தம்
21-11-1982

கங்கம்மாள் அவர்களுக்கு,

அறுவடை முடிந்தது.

உப்பை இரண்டு தடவை அடித்தோம். டேங்க் வாடகைக்குத்தான் கிடைக்கிறது. சாயங்காலத்தில் எல்லோரும் கேட்பார்கள், எங்கள் முறை உச்சி வெயிலில் வந்தது. இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிடுங்கி, காய வைத்து, உடைத்துப் பார்த்தால் அதே குழி, அதே பழுப்பு. நன்றாக இருந்த பச்சையைக் கருக்கியதுதான் மிச்சம்.

மறுநாள் தணிகைவேல் செங்கல் கொண்டுவந்து நிலத்தோரம் இறக்கினான். இன்று எழுந்ததும் அந்த அடுக்கைப் பார்த்தேன். என் சமாதிக்குக் கொண்டுவந்த மாதிரி இருந்தது.

உங்கள் வீட்டுக்கு என்றால் வந்து இலையைக் கிள்ளிப் பார்த்து வைத்தியம். எங்கள் வீட்டுக்கு என்றால் காகிதத்தில் வைத்தியம். அப்பன் வீட்டுப் பாசம் வேறு, அம்மா வீட்டுப் பாசம் வேறு என்று படித்த பெண்ணும் காட்டிவிட்டாள். அவள் படிப்பைப் பற்றி இங்கே நான் சொல்லாத வீடு இல்லை. இப்போது, "பேத்தி மருந்து எப்படி இருக்குது?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

பூவம்மாள்


ஆம்பூர்
28-11-1982

சம்பந்தியம்மா,

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்தப் பெண்ணைச் சொல்லாதீர்கள். அளவு எழுதியது நான். உப்பு அனுப்பியது நான். வெயில் தாழ்ந்து அடியுங்கள் என்றும் நான்தான் எழுதினேன், உச்சி வெயிலில் அடித்தது நீங்கள். இதில் அவள் எங்கே வந்தாள்? அவளுக்கு இது இன்றுவரை தெரியவே தெரியாது.

இராத்திரி பகலாக யோசித்தேன். எனக்கும் உங்களுக்கும் இருக்கிற வித்தியாசம் ஒன்றே ஒன்று, எரு. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு முடியை வழிப்பார்கள். அந்த முடி சுண்ணாம்போடு சேர்ந்து குவிந்து கிடக்கும். ஆம்பூர்ப் பக்கம் அதைத்தான் எருவாகப் போடுகிறோம். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து என் கொல்லைக்கு வருஷம் தவறாமல் வண்டி வண்டியாகக் கொட்டியிருக்கிறேன். வேறு யார் கொல்லையும் இவ்வளவு தின்றிருக்காது. உங்கள் மண் அதை மோந்துகூடப் பார்த்ததில்லை. அதனால்தான் மருந்து பிடிக்கவில்லை.

எனக்கு எரு கொண்டுவருகிற லாரிக்காரர் ஜான் பாஷாவிடம் சொல்லி ஒரு லாரி முடி எரு அனுப்புகிறேன். நாற்றம் அடிக்கும், மூக்கை மூடிக்கொண்டு இறக்குங்கள். தணிகைவேலிடம் செங்கல்லை அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். அடுத்த பட்டத்தில் உங்கள் பருப்பு நிரம்பவில்லை என்றால் என் பெயர் கங்கம்மாள் இல்லை.

கங்கம்மாள்


குடியாத்தம்
15-12-1982

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் லாரி வந்தது. லாரி வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. தெருவில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ஜான் பாஷா பாவம், தங்கமான மனிதர். "மன்னிச்சுக்கோங்கம்மா, கங்கம்மா சொன்னா மறுக்க முடியாது, அப்புறம் ரோட்ல வண்டிய நிறுத்தி பேஜார் பண்ணும்" என்றார். நிலத்தோரத்தில் கொட்டிவிட்டுப் போனார்.

ஆள் வைத்துக் கூடையில் அள்ளும் நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருத்தி ஓடி வந்தாள். சாவித்திரி. லாரி விஷயத்தைக் கன்னியப்பன் வாயிலிருந்து கேட்டாளாம். வந்த வேகத்தில் கூடைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"ஆயா, ஒரு கூடைகூட உள்ளே போகக் கூடாது. போட்டேன்னா அடுத்த வருஷம் உன் செடியும் வெளுக்கும்."

"ஆம்பூர் ஆயாவுக்கு நல்லதுதானேடி பண்ணுது?"

"அந்த ஆயா செடி வெளுத்ததே இதாலதான். வருஷா வருஷம் சுண்ணாம்பா கொட்டி வெச்சிருக்குது. மண்ணுல இரும்பு இருக்குது ஆயா, சுண்ணாம்பு அதைச் செடிக்கு விடாம கட்டிப்போட்டுடுது. அதான் இலை மேல அடிக்கச் சொன்னேன். உனக்கு எதுக்கு இரும்பு? உன் மண்ணு இவ்ளோ செவப்பா இருக்கறதே இரும்பாலதான்."

சம்பந்தியம்மா, அவள் சொன்னதில் முதல் வரியை மீண்டும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். கடைசி வரியையும். உங்கள் வண்டி கொண்டுவந்த சீக்கை உங்கள் பேத்தி தீர்த்திருக்கிறாள். அதற்குத்தான் நீங்கள் கிணற்றுமேட்டில் ஏறி நின்றீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவளைத் திட்டி எழுதினேனே, அதை அவளிடமே சொன்னேன். "நீ கூப்பிட்டிருந்தா மொத பஸ்லயே வந்திருப்பேனே ஆயா" என்றாள். அழுதுவிட்டேன். அப்புறம் அவள் மீதி இருந்த பருப்பையெல்லாம் பிளந்து பார்த்தாள். இங்கே மணல் கலந்த செம்மண், மழை பெய்தால் சில சத்துகள் தங்காமல் கீழே இறங்கிவிடுமாம். அதில் ஒன்று குறைந்தால் பருப்புக்குள் குழி விழுமாம். அதற்கு மருந்து வெங்காரம். நகைக்குப் பற்று வைக்கத் தட்டார் போடுகிற வெங்காரம்! ஏக்கருக்கு நாலு கிலோ கணக்கில் மணலோடு கலந்து விதைக்கும்போது தூவ வேண்டும். ஜாஸ்தியானால் செடியையே கொன்றுவிடும் என்று இரண்டு தடவை சொன்னாள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருக்கும் அளவு எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

தணிகைவேலிடமும் அவளே பேசினாள். "மாமா, கிணத்துல தண்ணி இருக்குது. மார்கழிப் பட்டம் ஒண்ணு மட்டும் குடு. பாதி நிலத்துல வெங்காரம் போடறேன், பாதியில போடல. ரெண்டையும் நீயே ஒடைச்சுப் பாரு. ரெண்டும் ஒண்ணா இருந்தா நானே மொத செங்கல்ல எடுத்துக் குடுக்கறேன்." அவன் முறைத்தான். அப்புறம் சரி என்றான். முழு நிலத்துக்கும் போட்டுவிடு என்று நான் கெஞ்சினேன். கேட்கவில்லை. பாதியை வெறுமனே விட்டால்தான் மாமா நம்புவார் என்கிறாள். பிடிவாதம் உங்கள் வீட்டுச் சொத்து.

பூவம்மாள்


ஆம்பூர்
9-1-1983

சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பொங்கல் வருகிறது, கோபத்தோடு பானை வைக்கக் கூடாது என்று உங்கள் மகள் சொன்னாள்.

சாவித்திரி இங்கேயும் வந்தாள். ஒரு சின்ன பாட்டிலில் திராவகமும், உங்கள் நிலத்தில் எடுத்த மண் ஒரு பொட்டலமும் கொண்டுவந்திருந்தாள். உங்கள் கொல்லை மண்ணில் ரெண்டு சொட்டு விட்டாள். சும்மா கிடந்தது. என் கொல்லை மண்ணில் விட்டாள். கோலி சோடா உடைத்த மாதிரி புஸ்ஸென்று பொங்கிற்று. அவ்வளவும் சுண்ணாம்பாம். என் கையாலேயே வாங்கி நானும் விட்டுப் பார்த்தேன், இன்னொரு மூலையிலும் விட்டுப் பார்த்தேன். எங்கே விட்டாலும் பொங்குகிறது.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். என் மாமியார் காட்டிய எருவைத்தான் போட்டேன். அந்த எரு போட்டுத்தான் கன்னியப்பனைப் படிக்க வைத்தேன், கேழ்வரகும் கம்பும் அதில் நன்றாகத்தான் வந்தன. நான் முட்டாள் இல்லை. ஆனால் அனுபவம் இருக்கிறது என்று என் கொல்லைக் கணக்கை உங்கள் கொல்லைக்குப் போட்டேன் பாருங்கள், அதைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். அதுவும் உங்களிடம் மட்டும்.

ஜான் பாஷாவிடம் இனி என் கொல்லைக்கு முடி எரு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இன்னாம்மா, தோல் ஷாப் மேல கோபமா?" என்றார். மண்ணு போதும்னு சொல்லுது என்றேன்.

விதைத்துவிட்டீர்களா? வெங்காரம் எந்தப் பக்கம், வெறும் பக்கம் எது என்று கொடி நட்டு வையுங்கள். தணிகைவேல் அப்புறம் பக்கத்தை மாற்றிச் சொல்லிவிடுவான். நல்ல பிள்ளைதான், ஆனாலும் ஷெட் ஆசை பிடித்தவன். உங்கள் ஏக்கரை நினைத்தால் எனக்கும் தூக்கம் கம்மிதான். நூல் சுற்றிச் சம்பாதித்தது என்று எழுதியிருந்தீர்கள். இத்தனை வருஷ சம்பந்தத்தில் அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

கங்கம்மாள்


குடியாத்தம்
28-4-1983

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நேற்று முன்தினம் களத்தில் இரண்டு குவியல். செடி நின்றபோது இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் இருந்தது. இலையைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லையே என்று சாவித்திரியைக் கேட்டால், "உன் கோளாறு உள்ள இருக்குது ஆயா, உள்ளதான் பார்க்கணும்" என்றுவிட்டாள்.

தணிகைவேல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தான். வெறும் பக்கத்துக் குவியலில் ஒரு பிடி எடுத்து உடைத்துப் பிளந்தான். குழி. இன்னொன்று. குழி. ஒன்று விட்டு ஒன்று அப்படியேதான். அப்புறம் வெங்காரக் குவியலில் கை வைத்தான். நான் திரும்பி நின்றுகொண்டேன். டப் டப் என்று உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மென்றுகொண்டிருக்கிறான்! "பொண்ணே, இது வெள்ளையா கெட்டியா இருக்குதும்மா" என்று சாவித்திரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இன்னொரு பிடி எடுத்தான். பக்கத்து வீட்டார், மண்டிக்காரன் அனுப்பிய ஆள், எல்லோரும் பிளந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் தின்றும் விட்டார்கள். நல்ல பக்கத்தில்தான் தின்றார்கள்.

இன்று காலையில் செங்கல்லை வண்டியில் ஏற்றினான். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் ஷெட் கட்டிக்கொள்கிறானாம். தறி இரைச்சல் என் தலைமாட்டில்தான் இனி. இரையட்டும். நிலம் என் பெயரிலேயே விளையும்.

இந்த வட்டாரத்து விவசாயிகளுக்கு மண் பரிசோதனை ஆபீஸ்காரர்கள் இங்கே கூட்டம் ஒன்று வைக்கிறார்கள், மே மாதம் பதினைந்தாம் தேதி. சாவித்திரி பேசப்போகிறாள். இரண்டு குவியலையும் மேஜையில் வைத்துக் காட்டுவாளாம். உங்கள் கொல்லை மண்ணும் என் நிலத்து மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமாம். நீங்கள் கட்டாயம் வர வேண்டும். நம் பேத்தி பேசுவதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

பூவம்மாள்


ஆம்பூர்
6-5-1983

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மகளை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். தணிகைவேல் மென்ற இடத்தை இரண்டு தடவை.

என் கொல்லைச் சுண்ணாம்பு இப்போதைக்குப் போகாதாம். நான் போன பிறகும் இருக்குமாம். பட்டத்துக்குப் பட்டம் அன்னபேதி அடித்துத்தான் ஓட்ட வேண்டும் என்கிறாள். அடிக்கிறேன். என் கொல்லையின் குணம் அது என்று இப்போது தெரியுமே, தெரிந்து குடித்தனம் பண்ணுவதில் என்ன கஷ்டம்?

முந்தாநாள் வாணியம்பாடியிலிருந்து எனக்குப் பழக்கமான நசீமுன்னிசா வந்தாள். அவள் தம்பி கொல்லையில் மல்லாட்டை சரியில்லையாம், அந்தப் பச்சை உப்பு அளவைச் சொல்லு என்றாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "மொதல்ல மண்ண கொண்டா" என்றேன். "என்ன ஆயா, டாக்டர் மாதிரி பேசறே" என்றாள். டாக்டர் வேலூரில் இருக்கிறாள், நான் வாசல் ஆள் என்றேன். துணிப்பையில் மண் கட்டிக்கொண்டு நாளைக்கு வருவாள்.

கூட்டத்துக்கு வருகிறேன். கன்னியப்பனும் உங்கள் மகளும் வருகிறார்கள், ஆம்பூர் பிரியாணியும் ஒரு பெரிய டேக்சா நிறைய வருகிறது. முன்வரிசையில் எனக்கும் இடம் பிடியுங்கள். பொங்குகிற மண் என்று மேஜையில் வைக்கும்போது இது யாருடைய கொல்லை என்று கேட்பார்கள். நான் எழுந்து நிற்பேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது, அவள் கண்டுபிடித்த மண் அது.

இந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேட்டால் நீங்களே முதலில் பதில் சொல்லுங்கள். நான் அடுத்ததாகச் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

கங்கம்மாள்